ஒற்றை ஊசியில் ஒரு குதிகால்

"இந்த வெயில்ல யாராச்சும் சாக்ஸ் பின்னுவாங்களா?" என்று என்னைக் கேட்காதவர்கள் எங்கள் தொழிற்சாலை பஸ்ஸில் ஒருவர்கூட இல்லை. எங்கள் ஊர் நியாலாஸிலிருந்து தொழிற்சாலை இருக்கும் செங் வரைக்கும் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை இந்தக் கேள்வி என் சீட்டைத் தாண்டிப் போகும். பின்னிக்கொண்டிருப்பதைத் தூக்கி மூஞ்சிக்கு நேராகக் காட்டுவேன். கண் இருக்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

எனக்கு வாய்த்துடுக்கு கொஞ்சம் ஜாஸ்தி. கோபமும் மூக்கு நுனியில்தான் குடியிருக்கிறது. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் இது தெரியும் என்பதால் இங்கேயும் ஒளிக்கவில்லை. ஐந்து ஊசியில் ஆரம்பித்த வட்டப் பின்னலை ஒற்றை ஊசிக்குக் கொண்டு வந்தவள் நான். எனக்கு யாரும் பட்டம் தரவில்லை, மாலை போடவில்லை. அதனால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

என் கணவர் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். இனிப்பு நீர் உடம்பு, அதாவது சர்க்கரை வியாதி. வலது கால் கட்டைவிரலில் ஒரு சின்னக் காயம் வந்தது. சின்னக் காயம்தானே என்று மஞ்சள் வைத்துக் கட்டினோம். கடைசியில் முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் விட்டு மீதியை எடுத்துவிட்டார்கள். மிஞ்சியதற்கு எங்கள் வீட்டில் மிச்சக்கால் என்று பெயர். ஆஸ்பத்திரியில் செய்து கொடுத்த செயற்கைக் காலுக்குப் புதுக்கால் என்று பெயர். பெயர் வைத்தது அவரேதான். அழுது முடித்தபிறகு முதலில் அவர் செய்த வேலை அது.

புதுக்காலின் மேல் பக்கம் ஒரு ஆழமான குவளை மாதிரி இருக்கும். மிச்சக்கால் அதற்குள்ளே இறங்க வேண்டும். நடுவில் ஒரு உறை வேண்டும். ஆஸ்பத்திரியில் தந்த உறைகள் நல்லவைதான், ஆனால் எங்கள் ஊர் வேர்வைக்கு ஒரு நாளில் எத்தனையை மாற்றுவது? கடையில் விற்கும் சாதாரண காலுறையை வாங்கிப் போட்டுப் பார்த்தோம். காலுறையின் நுனியில் குறுக்கே ஒரு தையல் ஓடும், கவனித்திருப்பீர்கள். நமக்கு அது இருப்பதே தெரியாது. மிச்சக்காலுக்கு அது கல். ஒரு வாரத்தில் தோல் சிவந்து கொப்பளம் வந்துவிட்டது. இனிப்பு நீர்க்காரருக்குக் கொப்பளம் என்றால் என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியாதா? அவர் புதுக்காலைக் கழற்றி அலமாரிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டார். அதன் மேல் துண்டு காயப்போட ஆரம்பித்தார்.

அந்த நேரத்தில்தான் மகளுக்குக் கல்யாணம் கூடியது. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் முகூர்த்தம் என்று முடிவானது. மாப்பிள்ளை வீட்டார் வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டுப் போன அன்றைக்கே, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி இவர் அறிவித்தார்.

"தாரை வார்க்கிறத அண்ணன் பாத்துக்கட்டும். நான் கீழ ஒரு சேர்ல உக்காந்துக்கிறேன்."

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் பெண்ணின் அப்பா நின்றுகொண்டு மகளின் கையை மாப்பிள்ளையின் கையில் கொடுப்பார், அம்மா செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றுவாள். அதுதான் தாரை வார்ப்பது. அந்த இடத்தில் அவர் தன் அண்ணனை நிறுத்தப் போகிறாராம். மகள் ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

"பெரியப்பா நல்லவருதான்ப்பா. ஆனா எனக்கு அப்பா இருக்காருல்ல?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்மேல் இல்லை, அந்தத் தையல்மேல். ஒரு நூல் தையல் என் மகளின் மணவறையில் வந்து உட்காருவதா? தையலே இல்லாத உறை ஒன்று இந்த உலகத்தில் இருக்காதா என்று மகளின் போனை வாங்கித் தேடினேன்.

இருந்தது. குழாய் மாதிரி வட்டமாகவே பின்னிக்கொண்டு போனால் ஓரமும் இல்லை, தையலும் இல்லை. ஏதோ ஒரு நாட்டுப் பெண்ணின் இரண்டு கைகள் மட்டும் வீடியோவில் தெரிந்தன. பேசியது எனக்குப் புரியவில்லை. சத்தத்தை நிறுத்திவிட்டுக் கைகளை மட்டும் பார்த்தேன். பூ கட்டத் தெரிந்தவளுக்குக் கையைப் பார்த்தால் போதும்.

முதலில் நான் வாங்கியது ஐந்து ஊசி. இரண்டு பக்கமும் கூரான சின்னச் சின்ன ஊசிகள். நூல் வளையங்களான கண்ணிகளை நான்கு ஊசிகளில் சதுரமாகப் பிரித்து மாட்டி, ஐந்தாவது ஊசியால் பின்னிக்கொண்டே சுற்றி வர வேண்டும். வீட்டில் மேசைமேல் வைத்துச் செய்தால் ஒழுங்காக வரும். ஆனால் எனக்கு மேசை முன்னால் உட்கார நேரம் எங்கே? வேலைக்குப் போகும் பஸ்தான் என் நேரம். நியாலாஸ் ரோட்டின் வளைவுகளில் அந்த பஸ் திரும்புகிற அழகுக்கு நம் குடலே இடம் மாறும். ஊசி எம்மாத்திரம்?

ஒரு வளைவில் ஊசி ஒன்று கண்ணிகளை அம்போவென்று விட்டுவிட்டு உருவிக்கொண்டு ஓடியது. சீட்டுகளுக்கு அடியில் உருண்டு டிரைவரின் காலுக்குப் பக்கத்தில் போய் நின்றது. பஸ்ஸே குனிந்து தேடியது. எனக்குப் பக்கத்து சீட்டில் எப்போதும் உட்காருகிற அக்கா, எங்கள் தொழிற்சாலையிலேயே பொட்டலம் கட்டும் பிரிவில் இருப்பவர், என்னையும் என் கையில் விரிந்து நின்ற மற்ற நான்கு ஊசிகளையும் பார்த்தார்.

"ஏம்மா, நீ பின்னுறியா, சத்தே குத்துறியா?"

குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சிதான் சத்தே. அன்றிலிருந்து என் பின்னலுக்கு பஸ்ஸில் அதுவே பெயராகிவிட்டது. "குவா கச்சாங் எங்க லா?" என்று பின்சீட்டிலிருந்து குரல் வரும். நிலக்கடலைக் குழம்பு இல்லாமல் சத்தே ஏது என்று அவர்களுக்குக் கவலை.

சிரிப்புக்கு நான் அசரவில்லை. எப்படியோ ஒரு உறையை முடித்துவிட்டேன். வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டினேன். அவரும் என் முகத்துக்காக ஒரு சாயங்காலம் முழுக்கப் போட்டிருந்தார். கழற்றிப் பார்த்தால் தோலில் நெடுக்குவாட்டில் நாலு கோடு. ஒரு ஊசி முடிந்து அடுத்த ஊசி ஆரம்பிக்கிற மூலையில் நூல் தளர்ந்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் தளர்ந்து, மேலேயிருந்து கீழே வரைக்கும் ஏணி மாதிரி ஓடும். நாலு ஊசி, நாலு மூலை, நாலு ஏணி. அவர் கோடுகளைத் தடவிக் கொடுத்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார். நல்லாத்தான் என்றால் நல்லா இல்லை என்று அர்த்தம்.

தப்பு ஊசியின் எண்ணிக்கையில் இருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஊசி குறைந்தால் மூலை குறையும். மூலை குறைந்தால் ஏணி குறையும். மறுபடி வீடியோ.

நீள ஊசி என்று ஒன்று இருக்கிறது. இரண்டு குட்டி ஊசிகள், நடுவில் அவற்றை இணைக்கும் மெல்லிய வழுவழுப்பான ஒயர். அப்படி இரண்டு வாங்கி, உறையின் முன்பாதியை ஒன்றிலும் பின்பாதியை மற்றதிலும் மாட்டிப் பின்னுவது ஒரு முறை. அதைச் செய்து பார்த்தேன். மூலை இரண்டாகக் குறைந்தது, சந்தோஷம். ஆனால் நாலு நுனிகள் நாலு பக்கமும் தொங்கின. பேச்சு சுவாரசியத்தில் இந்த ஊசியின் கண்ணியை அந்த ஊசியால் பின்னிவிடுவேன். எல்லாம் ஒரே ஊசிக்குப் போய்ச் சேர்ந்து மற்றது காலியாகத் தொங்கும். பஸ் அக்கா அதைச் சுட்டிக் காட்டி, "இவரு லீவா?" என்று கேட்டார்.

அப்புறம்தான் ஒற்றை ஊசி. ஒரே ஒரு நீள ஊசி. சொல்கிறேன், கேளுங்கள். எல்லாக் கண்ணிகளையும் அதிலேயே போட்டுக்கொள்ள வேண்டும். சரிபாதியில் பிரித்து, அந்த இடைவெளி வழியாக ஒயரை ஒரு வளையமாக வெளியே இழுக்க வேண்டும். இப்போது பாதிக் கண்ணிகள் முன்னால், பாதி பின்னால், இரண்டு வரிசையாக முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும். பின்வரிசை ஊசியை உருவினால் அந்தக் கண்ணிகள் ஒயரில் போய் ஓய்வெடுக்கும். உருவிய ஊசியால் முன்வரிசையைப் பின்னு. முடிந்ததும் அப்படியே திருப்பு. ஓய்வெடுத்தவர்களை ஊசிக்குக் கொண்டு வா, வேலை செய்தவர்களை ஒயருக்கு அனுப்பு. எங்கள் தொழிற்சாலையில் ஷிப்டு மாறுவது மாதிரிதான். ஊசி கீழே விழவே விழாது. கையை விட்டாலும் ஒயரில் தொங்கிக்கொண்டு நிற்கும். செங் டோல் பக்கம் பஸ் பிரேக் போட்டபோது என் கைப்பை பறந்தது, தண்ணீர்ப் போத்தல் பறந்தது, பின்னல் பறக்கவில்லை.

"ரெண்டு நுனி இருக்குது, ஒத்த ஊசிங்கிற?" என்று அக்கா கேட்டார்.

"தொடப்பத்துல எத்தன குச்சி இருந்தாலும் ஒரு தொடப்பம்தான்க்கா" என்றேன்.

ஆனால் என் கை ஒரு தொல்லை கொடுத்தது. சின்ன வயதிலிருந்து கோயிலுக்குப் பூ கட்டுகிற கை இது. ஒவ்வொரு முடிச்சையும் சுருக்கென்று இழுத்து இறுக்கும். தொழிற்சாலையிலும் என் வேலை ஒயர்களைக் கற்றையாகக் கட்டுவது. அங்கேயும் இறுக்கம்தான் தேர்ச்சி. அந்தக் கை கண்ணியையும் இறுக்கியது. பூவை இறுக்கினால்தான் உதிராது, கண்ணியை இறுக்கினால் நகராது. ஒயரிலிருந்து ஊசிக்கு ஏறும் இடத்தில் கண்ணிகள் மாட்டிக்கொண்டு அடம்பிடித்தன. முடிந்த உறையோ மரத்தில் செய்தது மாதிரி விறைத்து நின்றது. மிச்சக்காலில் ஏறவே இல்லை. எங்கள் வீட்டுப் பெண்களைத் தவிர வேறு யாருக்கும் இந்த வியாதி வந்திருக்காது. வீடியோவில் அந்தப் பெண் நூலை விரலில் சும்மா படரவிட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அப்படி விடுவதற்கே ஒரு மாதம் ஆயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு கையைத் தளர்த்துவது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஒரு இடத்தில் மட்டும் பூ கட்டிய கை எனக்குக் கைகொடுத்தது. உறையின் மூடிய நுனியிலிருந்தே பின்னலை ஆரம்பிக்கலாம், அப்போது அங்கேயும் தையல் வராது. இரண்டு நுனி ஊசிகளையும் சேர்த்துப் பிடித்து, நூலை மேல் ஊசிக்கு ஒரு சுற்று, கீழ் ஊசிக்கு ஒரு சுற்று என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். வீடியோப் பெண் அதை மூன்று தடவை மெதுவாகச் செய்து காட்டினாள். நான் முதல் தடவையிலேயே போட்டேன். மல்லிகையை இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு வைத்துச் சுற்றுகிறவளுக்கு இது ஒரு வேலையா? அன்றைக்கு எனக்கு வந்த கர்வத்தை அந்த பஸ் தாங்கியதே பெரிய விஷயம்.

பருத்தி நூலில், தையல் இல்லாமல், ஏணி இல்லாமல், மெத்தென்று ஒரு உறை பிறந்தது. அவர் போட்டார். கழற்றினோம். தோல் சுத்தமாக இருந்தது. அவரே விரலால் எல்லாப் பக்கமும் தொட்டுப் பார்த்தார். "இன்னொண்ணு பின்னு" என்றார். இந்தத் தடவை நல்லாத்தான் என்று சொல்லவில்லை.

அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. சந்தைக்கு, எங்கள் பாசாருக்குப் போனால் கைத்தடி ஊன்றி ஒழுங்காக நடந்தார். வீட்டுக்குள் வந்தால் இரண்டு எட்டு வைப்பதற்குள் பின்பக்கமாகச் சாய்ந்து சுவரைப் பிடித்தார். முட்டி வலிக்கிறது என்றார். புதுக்காலைக் கழற்றிவிட்டுச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். வெளியே நடந்த களைப்பு என்று நான் நினைத்தேன். அவர் வேறு மாதிரி நினைத்தார்.

"வீட்டுல நாலு எட்டு வைக்க முடியல. கோயில்ல எப்படி நிக்கிறது? அண்ணன்கிட்ட சொல்லிட்டேன், அவரு வேட்டி எடுத்துட்டாரு."

அன்றைக்கு நான் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு நாய் வாலைச் சுருட்டியது. வேட்டி எடுத்துவிட்டாராம் வேட்டி. என்னைக் கேட்காமல் எப்படிச் சொல்லலாம், மகளைக் கேட்காமல் எப்படிச் சொல்லலாம் என்று ஆரம்பித்து, லோரி காலத்துச் சமாசாரங்கள் வரைக்கும் போய்விட்டேன். அவர் மிச்சக்காலைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பயம்தான் என்று எனக்குத் தெரிந்தது. ஊரே பார்க்கும் இடத்தில், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிடுவோமோ என்ற பயம்.

விடை ஒரு பூனை ரூபத்தில் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாசாரிலிருந்து நான் மீனை வாங்கிக்கொண்டு முன்னால் வந்து, சமையலறைத் தரையில் பையை வைத்துவிட்டு உடைமாற்றப் போனேன். அவர் பின்னால் வந்து வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து சப்பாத்தின் கயிற்றை அவிழ்க்கக் குனிந்திருக்கிறார். அப்போது பக்கத்து வீட்டுப் பூனை பைக்குள் தலையை விட்டதைப் பார்த்துவிட்டார். "ஏய்!" என்று கத்திக்கொண்டு அப்படியே எழுந்து, கூடத்தைத் தாண்டி, சமையலறைக்குள் போய்ப் பூனையைத் துரத்தினார். நான் ஓடி வந்து பார்த்தால், துடைத்து வைத்த தரையில் மண்ணும் சப்பாத்துமாக நிற்கிறார்.

"வீட்டுக்குள்ள சப்பாத்தோடயா? சாமி படம் இருக்கிற வீட்டுல சப்பா—"

வாய் அப்படியே நின்றுவிட்டது. கைத்தடி வாசலிலேயே கிடந்தது. சுவரைப் பிடிக்கவில்லை. நேராக நிற்கிறார்.

"கழட்டுங்க" என்றேன். அங்கேயே உட்காரவைத்துக் கழற்றினேன். எழுந்தார், பின்னால் சாய்ந்தார், மேசையைப் பிடித்தார். "போடுங்க" என்றேன். போட்டார், எழுந்தார், நின்றார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பூனை வெளியிலிருந்து மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் கால் செய்து கொடுத்த மலாய்த் தம்பியைப் பார்த்துக் கேட்டோம். அவர் ஒரு சப்பாத்தை எடுத்துத் திருப்பிக் காட்டினார். சப்பாத்தின் குதிப்பக்கம் உயரம், முன்பக்கம் தாழ்வு. அந்த உயரத்துக்குத் தக்கபடிதான் புதுக்காலை நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள். சப்பாத்தைக் கழற்றினால் குதிகால் தாழ்ந்து, ஆளையே பின்னால் தள்ளும், முட்டியை நெம்பும். "சப்பாத்து இல்லாம நடக்காதீங்கன்னு பக்சிக்கிட்ட சொல்லியிருந்தேனே" என்று மலாயில் சொன்னார். பக்சி என்றால் மாமா, இவரைத்தான் சொன்னார்.

நான் இவரைப் பார்த்தேன். இவர் தரையைப் பார்த்தார்.

"சொன்னாரு. வீட்டுக்குள்ளயுமான்னு நான் கேக்கல."

கேட்க அவருக்கு எப்படித் தோன்றும்? பிறந்ததிலிருந்து வாசலில் காலணியைக் கழற்றுகிறவர்கள் நாங்கள். நடப்பது என்று ஒருவர் சொன்னால் எங்களுக்கு அது வெளியே நடப்பதுதான். சப்பாத்தோடு வீட்டுக்குள் நடப்பது எங்கள் புத்திக்குள் ஏறவே ஏறாது. இத்தனை நாளும் தையலையும் என் பின்னலையும் அவர் முட்டியையும் திட்டிக்கொண்டிருந்தோம். குற்றவாளி வாசல்படியில் கிடந்திருக்கிறது.

அந்தத் தம்பி நல்லவர், வழியும் சொன்னார். பழைய சிலிப்பர் ஒன்றைச் சாய்வாக வெட்டி, குதிகாலுக்கு அடியில் வைத்து, மேலே காலுறை மாட்டினால் போதும். செய்தோம். வீட்டில் ஜம்மென்று நடந்தார். சமையலறைக்கும் கூடத்துக்கும் சும்மாவே நடந்தார். சரி, இனி அண்ணன் வேட்டியை வேறு கல்யாணத்துக்குக் கட்டிக்கொள்ளட்டும் என்று நான் சொன்னபோது தலையைப் பக்கவாட்டில் ஆட்டினார்.

"இல்ல. செருப்ப காலுக்கடியில கட்டிக்கிட்டு மணவறைக்கு ஏற மாட்டேன்."

"யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்ல."

எனக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. வரவில்லை. அம்மன் சந்நிதிக்கு நேரே, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, செருப்பின்மேல் நிற்கிற மனுஷனை எனக்கும் பிடித்திருக்காது. அந்த வீம்புக்காகத்தான் அவரைக் கட்டிக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம். சரி, செருப்பு வேண்டாம், நூல் இருக்கிறதே என்று ஊசியை எடுத்தேன்.

புதுக்காலின் ரப்பர் பாதத்துக்கு ஒரு காலுறை. நுனியிலிருந்து வட்டமாகவே பின்னிக்கொண்டு வந்தேன். குதிகால் வந்ததும் ஒற்றை ஊசியின் அருமை இன்னும் தெரிந்தது. முன்பாதி, பின்பாதி என்று கண்ணிகள் ஏற்கெனவே பிரிந்துதானே இருக்கின்றன? முன்பாதியை ஒயரில் தூங்கவிட்டு, பின்பாதியை மட்டும் போக வரப் பின்னினேன். சாதாரணக் குதிகாலுக்கு வேண்டியதைவிடப் பல மடங்கு நீளமாகப் பின்னினேன். நூல் இரட்டை, ஊசி இருப்பதிலேயே சின்னது. ஒரு மாதம் பாடுபட்டுத் தளர்த்திய கையை அவிழ்த்துவிட்டேன். இழு, இறுக்கு, எவ்வளவு முடியுமோ இறுக்கு என்று விட்டேன். கைக்கு அப்படி ஒரு ஆனந்தம். அந்த நீளத்தை மடித்து மடித்து, கீழ் மடிப்பு நீளமாகவும் மேல் மடிப்புகள் குட்டையாகவும் சாய்வாக அடுக்கி, எல்லாவற்றையும் ஊடுருவித் தைத்தேன். ரப்பர் பாதத்துக்கு வலிக்காது, எத்தனை தையல் வேண்டுமானாலும் போடலாம். முடிந்ததை அம்மிக்கல்லின்மேல் வைத்துக் குழவியால் குத்திப் பார்த்தேன். அசையவில்லை.

பஸ் அக்கா கையில் வாங்கிப் பார்த்தார். கட்டைவிரலால் அழுத்தினார். இறங்கவில்லை. வேறு யாராவது என்றால் பாராட்டியிருப்பார்கள்.

"இத எடுத்து ஒருத்தன் மண்டையில போட்டா செத்துடுவான்" என்றார். அவர் வாயிலிருந்து அதுவே பெரிய பாராட்டு.

ஒன்று பாக்கியிருந்தது. கோயில் தரை பளிங்கு. நூல் உறை அதில் வழுக்கும். அதற்கு வழி கண்டுபிடித்தவர் அவர். கித்தாத் தோட்டத்தில், ரப்பர் மரங்களுக்கு நடுவில் வளர்ந்த ஆள் இல்லையா? இன்னமும் கொஞ்சம் கித்தா மரம் வைத்திருக்கும் சிநேகிதரிடம் ஒரு போத்தல் கித்தாப் பால் வாங்கி வந்து, ஈர்க்குச்சியால் தொட்டுத் தொட்டு உறையின் அடிப்பாதம் முழுக்கப் புள்ளி வைத்தார். என்னை உதவிக்குக் கூப்பிடவில்லை. மார்கழி மாதத்துக் கோலத்துக்குக்கூட யாரும் அவ்வளவு கவனமாகப் புள்ளி வைத்து நான் பார்த்ததில்லை. காய்ந்ததும் மாட்டிக்கொண்டு, ஈரத் தரையில் நடந்து காட்டினார். நாக்கைத் துருத்திக்கொண்டு குழந்தை மாதிரி நடந்தார். நான் அடுப்படிக்குப் போய் வெங்காயம் உரிக்காமலே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

கோயில் குருக்களிடம் முன்கூட்டியே போய்க் கேட்டோம். இவருக்குப் பொய்க்காலோடு மணவறை ஏறலாமா என்றே சந்தேகம். குருக்கள் குனிந்து உறையைப் பார்த்தார். "தோலு இல்லையே, நூல்தானே? நீங்க மொதல்ல வந்து சேருங்க" என்று சொல்லிவிட்டுப் பிரசாதம் கொடுக்கப் போய்விட்டார்.

கல்யாணத்தன்று கோயில் வாசலில் எல்லாரையும் போல அவரும் உட்கார்ந்து சப்பாத்துகளைக் கழற்றினார், புதுக்காலில் என் உறையை மாட்டிக்கொண்டார். இடது கால் வெறும் கால். வலது காலில் வேட்டிக் கரைக்குக் கீழே என் வெள்ளைக் குதிகால். பஸ் ஜனம் முழுக்க வந்திருந்தது, எல்லார் கண்ணும் அங்கேதான். "சத்தே நல்லா வெந்திருக்கு லா" என்று யாரோ சொன்னது எனக்குக் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, முதுகை மட்டும் நிமிர்த்திக்கொண்டேன்.

குருக்கள் மைக்கில் கூப்பிட்டார். "பொண்ணோட அப்பா அம்மா வாங்க."

முன்வரிசையில் பட்டுக்கரை வேட்டியில் இருந்த அண்ணன், சொல்லிவைத்த பழக்கத்தில் பாதி எழுந்துவிட்டார். தம்பி விழுந்துவிடக் கூடாதே என்ற கவலை அவர் முகத்தில் இருந்தது. இவர் அவர் தோளைத் தொட்டார்.

"நீங்க உக்காருங்கண்ணே. நான் நிக்கிறேன்."

அண்ணன் உட்கார்ந்தார். துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். இவர் கைத்தடியை அவர் மடியில் வைத்துவிட்டு மணவறை ஏறினார்.

மகளின் கையை எடுத்து மாப்பிள்ளையின் கையில் வைத்தார். மந்திரம் நீளமாகப் போனது. அவர் நின்றார். சாயவில்லை, யாரையும் பிடிக்கவில்லை. நான் செம்பைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும். கைகளைப் பார்த்து ஊற்ற வேண்டியவள் அவர் காலைப் பார்த்து ஊற்றிக்கொண்டிருந்தேன். தண்ணீர் தாம்பாளத்தைத் தாண்டி அவர் பாதங்கள்மேல் கொட்டியது. "போதும்மா, போதும்" என்று குருக்கள் இரண்டு தடவை சொன்னாராம். மகள்தான் பிறகு சொல்லிச் சிரித்தாள். எனக்குக் கேட்கவே இல்லை.

தாரை வார்த்து முடிந்ததும் அவர் தானாகவே இறங்கி, அண்ணனின் பக்கத்து நாற்காலி வரைக்கும் நடந்து போனார். பளிங்குத் தரையில் அவர் பின்னால் ஈரத் தடம் வரிசையாக விழுந்தது. ஒன்று ஐந்து விரல் வைத்த பாதம், ஒன்று புள்ளி புள்ளியாக ஒரு பாதம். மறுபடி ஐந்து விரல், மறுபடி புள்ளி.

கோயில் வேலைக்கு இருந்த பெண் ஒருவர், யாராவது வழுக்கி விழுந்துவிடுவார்களே என்று துடைப்பானைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். செம்பைக் கையில் வைத்தபடியே குறுக்கே போய் நின்றேன்.

"தொடைக்காதீங்க லா" என்றேன். "அது தானா காயட்டும்."